பஞ்சாபி நாவலாசிரியர் குர்தியால் சிங்: படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கருவேலம்:
பஞ்சாபி இலக்கியம் என்று பேச்செடுத்தால் நம்மில் பலருக்கு அம்ரிதா ப்ரீதமோடு கதை முடிந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மொழிக்கு இரண்டாவது ஞானபீடத்தை வாங்கித் தந்த மனிதரைப் பற்றி இங்கே தேடிப் பார்த்தால் ஒரு இழைகூட இல்லை, சரி, நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

குர்தியால் சிங் 1933 ஜனவரி 10 அன்று பைனி ஃபத்தே என்ற கிராமத்தில் பிறந்தவர். வாழ்ந்ததெல்லாம் ஃபரீத்கோட் மாவட்டத்தில் இருக்கும் ஜைத்தோ என்ற சின்ன ஊரில். தச்சர் குடும்பம். சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குலத்தொழிலில் உட்கார்ந்தார். மாட்டுவண்டிச் சக்கரம் செய்வது, தகரம் வளைத்துத் தண்ணீர்த் தொட்டி அடிப்பது, இதுதான் வேலை. ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் அப்பாவிடம் பேசிப் பேசிப் பையனை மறுபடி படிப்புப் பக்கம் திருப்பினார். பட்டறையில் இருந்துகொண்டே தனித்தேர்வராக எழுதித் தேறி, பள்ளி ஆசிரியராகி, 1967இல் எம்.ஏ. முடித்து, கல்லூரிக்குப் போய், கடைசியில் பட்டிண்டாவில் உள்ள பஞ்சாபி பல்கலைக்கழக மையத்தில் பேராசிரியராக இருந்து 1995இல் ஓய்வுபெற்றார். 2016 ஆகஸ்ட் 16 அன்று 83 வயதில் இறந்தார்.

அவர் இறந்தபோது வந்த குறிப்புகளில் பாதிக்கு விருதுப் பட்டியல், மீதிப் பாதிக்கு 'ஒடுக்கப்பட்டவர்களின் குரல்'. அந்த வார்த்தையை எந்த எழுத்தாளர் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும், அதனால் அது எதையும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதியது ஒரே விஷயத்தை: 'இந்த நிலம் உன்னுடையதுதான்' என்று யாரோ வாயால் சொன்னதை நம்பி ஒரு தலைமுறை உழைத்துவிட்டுப் போனால், அடுத்த தலைமுறையின் கையில் என்ன இருக்கும்?

படித்தவர்கள் வாருங்கள். படிக்காதவர்களும் வரலாம்.

தேன்மொழி:
அவருடைய முதல் நாவலை மட்டும் படித்திருக்கிறேன், 'மடீ தா தீவா'. ஆங்கிலத்தில், சாகித்திய அகாதெமி போட்டது. படித்து முடித்ததும் கோபம்தான் வந்தது, எழுத்தாளர் மேல் இல்லை, அதன் நாயகன் ஜக்சீர் மேல். நாவல் முழுக்க அவனுக்கு நடப்பதெல்லாம் நடக்கிறது, அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு இடத்திலாவது எதிர்த்து நிற்க மாட்டானா என்று பக்கம் புரட்டிப் புரட்டிக் கடைசிப் பக்கம் வந்துவிட்டது. இதை ஏன் எல்லாரும் மகத்தான நாவல் என்கிறார்கள் என்று விளக்கினால் நன்றாக இருக்கும். சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

புதுவாசகி:
கதை என்னவென்று ஒரு பத்தியில் யாராவது சொல்லுங்களேன், பேசுவது எதுவும் புரியவில்லை.

கருவேலம்:
@புதுவாசகி, சொல்கிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

ஜக்சீர் ஒரு தலித். ஜாட் என்ற நிலவுடைமைச் சாதியைச் சேர்ந்த விவசாயி தரம் சிங்கிடம் சீரி. சீரி என்றால் நம் பண்ணையாள் மாதிரிதான், ஆனால் கூலி கிடையாது, விளைச்சலில் ஒரு பங்கு. வருடக் கணக்கில் ஒப்பந்தம். கல்யாணம், சாவு, நோய் என்று இடையில் முதலாளியிடம் வாங்கும் கடனையெல்லாம் அந்தப் பங்கில் கழித்தது போக மிஞ்சுவதுதான் கையில் வரும், பெரும்பாலும் மிஞ்சாது. ஜக்சீரின் அப்பா தோலாவும் இதே குடும்பத்துக்குத்தான் உழைத்தவர். தரம் சிங்கின் அப்பா தோலாவைச் சகோதரன் மாதிரி வைத்திருந்தார், வயலில் ஒரு துண்டை 'உன்னது' என்று விட்டுக்கொடுத்திருந்தார். அந்த நிலத்தில் ஒரு டாஹ்லி மரம், அதாவது சீசம் மரம். தோலா இறந்தபின் அங்கேயே அவருக்குச் சின்னதாக ஒரு சமாதி மேடை. அதைத்தான் மடீ என்கிறார்கள்.

தரம் சிங் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, மனிதர் நல்லவர். மகன் பந்தா தலையெடுத்ததும் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறான். அவன் பார்வையில் இது தன் நிலம், இது தன் மரம், அங்கே ஒரு வேலைக்காரனின் அப்பனுக்கு எதற்கு மேடை? மரத்தை வெட்டுகிறான். மேடையும் போகிறது. இன்னொரு பக்கம், நிக்கா என்பவனின் மனைவி பானி மேல் ஜக்சீருக்கு ஒரு பிரியம், அவளுக்கும் உண்டு, அது கடைசிவரை பேச்சளவிலேயே நிற்கிறது. அம்மா நந்தி சாகிறாள். அபின், குடி, தனிமை. ஜக்சீரும் சாகிறான். அவனுடைய சமாதியில் பானி ஏற்றும் விளக்குதான் தலைப்பில் வருவது.

இவ்வளவுதான் கதை. சின்ன நாவல்.

ஆசாரிபேரன்:
தச்சர் என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். என் தாத்தா வண்டிச் சக்கரம் செய்தவர். குடம், ஆரக்கால், வட்டை மூன்றையும் சேர்த்து முடித்தபின் இரும்புப் பட்டையை எருமூட்டத்தில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி, ஆளுக்கொரு குறடால் தூக்கி வந்து சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது மரம் 'கிரீச்' என்று முனகும். அந்த நேரம் ஆரக்காலில் ஒன்று அரை விரல்கடை கூடக்குறைய இருந்தால் மொத்தச் சக்கரமும் கோணிப்போகும், அத்தனை நாள் வேலை வீண்.

நான் சொல்லவந்தது வேறு. நீங்கள் சொன்ன சீசம் மரம் இருக்கிறதே, வடக்கே வண்டிக்கும் சக்கரத்துக்கும் முதல்தரமான மரம் அதுதான். அந்த மரத்தின் விலை என்ன, எத்தனை சட்டம் வரும் என்று ஒரு தச்சனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அப்படிப்பட்ட ஆள் ஒரு மரத்தை வெட்டும் காட்சியை எழுதுகிறார் என்றால் அது சும்மா 'இயற்கை அழிவு' கிடையாது. பந்தாவின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், ஜக்சீரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் தெரியும். நாவலை நான் படித்ததில்லை, இனிதான் தேடவேண்டும்.

பழையபுத்தகக்கடை:
நல்ல இழை. தேன்மொழியின் கேள்விக்கு நான் வேறு பக்கமாக வருகிறேன்.

1964இல் இந்த நாவல் வந்தபோது பஞ்சாபி நாவலில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். ஒரு பக்கம் நானக் சிங். ஜாலியன்வாலா பாக்கில் உயிர்பிழைத்தவர், அதைப் பற்றி 1920இல் எழுதிய நெடுங்கவிதையை ஆங்கிலேயர்கள் தடைசெய்தார்கள், பிற்பாடு எண்ணிக்கையில்லாமல் நாவல் எழுதிப் பஞ்சாபியில் வாசகர் கூட்டத்தையே உண்டாக்கியவர். அவர் கதைகளில் சமூகத்தில் ஒரு கேடு இருக்கும், அதைத் திருத்த ஒரு நல்ல மனம் இருக்கும், வாசகர் கண்ணீரோடு புத்தகத்தை மூடுவார். இன்னொரு பக்கம் ஜஸ்வந்த் சிங் கன்வல். கிராமத்துக் காதல், வீரம், பின்னால் இடதுசாரிக் கனவு. இவரும் லேசான ஆள் இல்லை, நூறு வயது வாழ்ந்து 2020இல் போனார், இன்றைக்கும் பஞ்சாப் கிராமங்களில் அவர் புத்தகம் இல்லாத நூலகத்தைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் அவர் கிராமத்தில் நாயகன் என்றால் அநேகமாக ஜாட், நிலம் வைத்திருப்பவன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிலமில்லாத ஒருவனை, அதிலும் திருத்துவதற்கு ஆள் இல்லாத, காப்பாற்ற ஆள் இல்லாத ஒருவனை நடுநாயகமாக வைத்து, 'இவனை நினைத்து அழு' என்று எங்கேயும் வாசகரைத் தூண்டாமல் ஒருவர் எழுதினால் அது எவ்வளவு பெரிய விலகல்? ஜக்சீர் எதிர்த்து நின்றிருந்தால் அது கன்வல் நாவலாகியிருக்கும். யாராவது வந்து காப்பாற்றியிருந்தால் நானக் சிங் நாவல். அவர் இரண்டையும் செய்யவில்லை.

இன்னொன்றும் உண்டு. பசுமைப் புரட்சி என்று நாம் சொல்வதெல்லாம் 1966க்குப் பிறகு, மெக்சிகோக் குட்டைரக கோதுமை வந்திறங்கியபின் நடந்தது. டிராக்டர், பம்புசெட், கடன், லாபக் கணக்கு எல்லாம் அப்புறம்தான். அதற்கு முன்பே, பந்தா என்ற ஒரு மகனின் குணத்தில், வரப்போவதைப் பார்த்துவிட்டார் இவர். அப்பா உறவாகப் பார்த்ததை மகன் செலவாகப் பார்க்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் அடுத்த பத்து வருடத்தில் பஞ்சாப் முழுக்க நடந்தது.

தேன்மொழி:
@பழையபுத்தகக்கடை, விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது ஐயா. 'எதிர்க்காததுதான் அதன் சிறப்பு' என்று சொன்னால் எந்த மௌனத்தையும் சிறப்பு என்று சொல்லிவிடலாமே. ஜக்சீர் ஏன் எதிர்க்கவில்லை என்பதற்கு நாவலுக்குள்ளேயே காரணம் இருக்கிறதா, இல்லை எழுத்தாளர் அவனை அப்படிச் சாய்த்து வைத்திருக்கிறாரா?

சுடர்:
தேன்மொழி பக்கம்தான் நானும். ஒரு படி மேலே போகிறேன். குர்தியால் சிங் தலித் இல்லை. தச்சர். கைவினைச் சாதி. பிற்பட்டவர்தான், ஏழ்மையை அனுபவித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலித்தை நாயகனாக வைத்து அவனை அபினில் கரைத்துச் சாகடிப்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எளிது. உள்ளே இருந்து எழுதியிருந்தால் அவனுக்குள் எரிகிற ஒன்றையாவது காட்டியிருப்பார். பானிக்கும் அதே கதிதான். அவளுக்கு என்று ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் கடைசியில் விளக்கேற்றும் வேலைதான் கொடுக்கப்படுகிறது. இரண்டு பேரும் ஆசிரியரின் சோகத்துக்குப் பயன்படுகிறார்கள்.

ஞானபீடம், பத்மஸ்ரீ எல்லாம் சரி. இதையும் கேட்கத்தானே வேண்டும்?

கருவேலம்:
@சுடர், கேட்கவேண்டிய கேள்விதான். நான் பதில் சொல்லிப்பார்க்கிறேன், ஒத்துக்கொள்ளவேண்டும் என்று இல்லை.

ஏன் எதிர்க்கவில்லை என்பதற்கான விடை நாவலுக்கு வெளியே, பஞ்சாபின் நிலச் சட்டத்தில் பாதி இருக்கிறது. 1900இல் ஆங்கிலேயர்கள் பஞ்சாபில் ஒரு நில உரிமை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். வட்டிக்கடைக்காரர்கள் விவசாயிகளின் நிலத்தைச் சுருட்டுவதைத் தடுக்க என்றுதான் சொன்னார்கள். 'விவசாயச் சாதிகள்' என்று ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் நிலத்தைப் பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் வாங்குவதைக் கட்டுப்படுத்தினார்கள். வட்டிக்கடைக்காரரோடு சேர்ந்து தலித்துகளும் வெளியே. ஆண்டாண்டு காலமாக அந்த மண்ணை உழுதவன் காகிதத்தில் விவசாயியே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் அந்தச் சட்டம் போனது.

இப்போது தோலாவின் துண்டு நிலத்தை யோசியுங்கள். பெரியவர் மனதார ஒன்றைக் கொடுத்தாலும் அது பட்டாவாக மாறுவதற்கு வழியே இல்லாத ஒரு காலம். வாய்வார்த்தை தவிர வேறு எதுவும் அவன் கைக்கு வர முடியாது. அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிற மனிதர் உயிரோடு இருக்கும்வரைதான் உரிமை. ஜக்சீர் எதை வைத்து எதிர்ப்பான்? பந்தாவிடம் சண்டை போட்டால் தரம் சிங்கை அவமதித்ததாகும், அந்த மனிதர் ஒருவர்தான் அவனை மனிதனாக நடத்தியவர். இந்தப் பொறிதான் நாவல். ஆண்டையின் அன்பும் ஒரு விலங்குதான் என்று குர்தியால் சிங் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் தரம் சிங் நல்லவராக இருப்பதனாலேயே ஜக்சீரின் கை கட்டப்படுவதைப் படிக்கிறவர் தானாகவே உணர்கிறார். கொடுமைக்கார முதலாளியாக இருந்திருந்தால் இந்த நாவலே இல்லை.

தச்சர் என்பது பற்றி. தச்சனும் அந்த ஊரில் நிலமில்லாதவன்தான், ஜாட் வீட்டுக்குக் கலப்பை செய்து கொடுத்து அறுவடையில் தானியம் வாங்கிக்கொண்டு வாழ்ந்தவன். அதனால் வெளி ஆள் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் தலித்தும் இல்லை. நீங்கள் சொல்லும் அந்த இடைவெளி இருக்கிறது. பானி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஓய்வுபெற்றவன்:
நான் இலக்கியவாதி இல்லை. ராணுவத்தில் இருந்தபோது பட்டிண்டா கண்டோன்மென்ட்டில் சில வருடம் இருந்தேன். அந்தப் பக்கத்தை மால்வா என்பார்கள், சட்லஜ் நதிக்குத் தெற்கே. பஞ்சாப் என்றதும் நம் ஆட்கள் நினைக்கிற பச்சைப்பசேல் கடுகு வயல் சினிமா அங்கே கிடையாது. பருத்தி, மணல்காற்று, கோடையில் முகத்தில் அறைகிற லூ என்ற அனல்காற்று. ஜனவரியில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது, டிராக்டர்க்காரன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவான். தெர்மல் பிளான்ட்டின் கூம்புகள் அப்போது ஊருக்கு வெளியே எங்கே நின்றாலும் தெரியும், அந்த பிளான்ட்டை இப்போது மூடிவிட்டார்கள். பட்டிண்டாவிலிருந்து ராஜஸ்தானில் இருக்கும் பிக்கானேருக்கு அப்போது இரவில் ஒரு ரயில் போகும், அதில் ஏறியவர்களில் நிறையப் பேர் வைத்தியத்துக்குப் போன புற்றுநோயாளிகள், ஊரே அதை 'கேன்சர் ரயில்' என்றுதான் சொன்னது.

ஜைத்தோ வழியாகப் பல தடவை போயிருக்கிறேன். தானியச் சந்தை, ரயில் நிலையம், குருத்வாரா. அந்த ஊருக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1923இல் நாபா மகாராஜாவை ஆங்கிலேயர்கள் பதவியிலிருந்து இறக்கியதை எதிர்த்து சீக்கிய இயக்கத்தவரான அகாலிகள் அங்கே மோர்ச்சா, அதாவது போராட்டம் நடத்தினார்கள், அதைப் பார்க்கப் போன நேருவைப் பிடித்து நாபா சிறையில் போட்டார்கள். 1924 பிப்ரவரியில் அங்கே போன ஜாத்தா, அதாவது தொண்டர் அணி மேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. இவர் அந்த ஊரில் வளர்ந்தவர் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிந்திருந்தால் அப்போதே போய்ப் பார்த்திருப்பேன்.

சினிமாக்கொட்டகை:
ஓய்வுபெற்றவன் சார், நீங்கள் சொன்ன அந்தப் பனிமூட்டமும் தெர்மல் பிளான்ட்டும் அப்படியே ஒரு படத்தில் இருக்கிறது! 'அன்ஹே கோடே தா தான்', 2011, குர்விந்தர் சிங்கின் முதல் படம். குர்தியால் சிங்கின் 1976 நாவல்தான் மூலம். மூத்த இயக்குநர் மணி கௌல் பின்னால் இருந்து வழிநடத்தினார், படம் வெளிவரும் முன்பே போய்விட்டார். வெனிஸ் விழாவில் முதலில் காட்டினார்கள், பிறகு சிறந்த இயக்கம், சிறந்த ஒளிப்பதிவு, சிறந்த பஞ்சாபிப் படம் என்று மூன்று தேசிய விருது, 2012இல் கோவா திரைப்பட விழாவில் தங்க மயில் விருது.

படத்தில் கதை என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு கிராமம், ஒரே ஒரு நாள். நிலக்காரர் தொழிற்சாலைக்கு இடத்தை விற்றுவிட்டார், அதனால் அங்கே குடியிருந்த ஒருவனின் வீட்டை இடிக்கிறார்கள். ஊர்ப் பெரிசுகள் கேட்கப் போகிறார்கள். மகன் மேலு பட்டிண்டாவில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறான், அங்கே ரிக்ஷாக்காரர்கள் வேலைநிறுத்தம். 'கேஸ்' என்கிற பருத்திப் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு பனியில் ஆண்கள் சும்மா நிற்பார்கள். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். கேமரா முகம் முகமாகப் போகும். நடித்தவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான், அதனால் 'நடிப்பு' என்ற ஒன்றே தெரியாது.

தலைப்பு என்னவென்றால், கிரகணத்தன்று தலித்துகள் வீடு வீடாகப் போய் 'குருட்டுக் குதிரைக்குத் தானம்' என்று கேட்டு வாங்கும் ஒரு வழக்கம். ராகுவின் கதையோடு சேர்ந்தது. தானம் வாங்குகிறவர்கள் அசுரர்களின் வம்சம், தேவர்கள் ஏமாற்றியவர்களின் வம்சம், அந்தப் பழைய கடனைத்தான் கேட்கிறார்கள் என்று ஒரு அர்த்தம்.

மீன்கொத்தி:
அந்தப் படத்தை நண்பன் பேச்சைக் கேட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். தங்க மயிலோ தங்கக் கோழியோ, எனக்கு ஒத்துவரவில்லை.

சினிமாக்கொட்டகை:
@மீன்கொத்தி, உங்களை மாதிரி ஆட்களுக்கு 1989இல் வந்த 'மடீ தா தீவா' படம் இருக்கிறது. ராஜ் பப்பர், தீப்தி நவல், பங்கஜ் கபூர். அதுவும் தேசிய விருது வாங்கியதுதான், ஆனால் கதை சொல்கிற படம், தூக்கம் வராது. குர்விந்தர் சிங் பிற்பாடு 'அத் சானணீ ராத்' நாவலையும் படமாக்கினார், 2022இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் காட்டினார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை.

பழையபுத்தகக்கடை:
'அத் சானணீ ராத்' என்றதும் ஞாபகம் வருகிறது. தேன்மொழிக்கான நிஜமான பதில் அங்கேதான் இருக்கிறது. ஜக்சீர் 1964. 1966இல் 'அன்ஹோயே' எழுதினார், அதில் பிஷ்னா என்ற தச்சன், சாலை போடுவதற்காக அவன் வீட்டை எடுத்துக்கொள்ள அதிகாரிகள் வருகிறார்கள், அவன் மசியமாட்டான், தலை உடைந்தாலும் மசியமாட்டான். கவனியுங்கள், தன் சாதிக்காரனை எழுதும்போது எதிர்க்கிறவனாக எழுதுகிறார். சுடர் சொன்னதற்கு இது சாதகமா பாதகமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

1972இல் 'அத் சானணீ ராத்'. இதற்குத்தான் 1975இல் சாகித்திய அகாதெமி விருது. மோதன் என்ற ஜாட் விவசாயி, அப்பாவுக்காகப் பழிவாங்கி ஒருவனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போய்த் திரும்பி வருகிறான். ஆக, எதிர்த்து நின்றவன், ரத்தம் சிந்தியவன். வந்து பார்த்தால் கூடப்பிறந்தவர்களே அவனைச் சுமையாகப் பார்க்கிறார்கள். அவன் எந்த மானத்துக்காகக் கொலை செய்தானோ அந்த மானத்துக்கு ஊரில் இப்போது விலை இல்லை, விலையெல்லாம் நிலத்துக்கும் ரொக்கத்துக்கும்தான். ஜக்சீர் எதிர்க்காமல் தோற்றான் என்றால் மோதன் எதிர்த்துவிட்டுத் தோற்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஜக்சீர் மேல் கோபம் குறைகிறதோ இல்லையோ, குர்தியால் சிங் ஆளைச் சாய்த்து வைத்துச் சோகம் பிழிகிறார் என்ற சந்தேகம் போய்விடும்.

1991இல் 'பர்சா'. என் அளவில் இதுதான் அவருடைய உச்சம். பர்சா பிராமணன், ஆனால் ஏர் பிடிக்கிற பிராமணன். புரோகிதம் வேண்டாம் என்று மண்ணில் இறங்கியவன். அவனுக்கு மிக நெருக்கமான துணை டிண்டி, அவனுடைய தலித் சீரி. இவர்கள் இருவருக்கும் நடுவில் நடக்கிற பேச்சு இருக்கிறதே, கேலியும் குத்தலும் தத்துவமும் கெட்டவார்த்தையும் கலந்த மால்வாப் பேச்சு, அதைத் தரம் சிங்குக்கும் ஜக்சீருக்கும் நடுவில் இருந்த மௌனத்தோடு வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து அதே உறவை மறுபடி எடுத்து, இந்தத் தடவை சீரியைப் பேசவிட்டிருக்கிறார்.

சுடர்:
பிஷ்னா விஷயம் எனக்குச் சாதகம்தான், நன்றி :)

டிண்டி பேசுகிறான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நாவலின் பெயர் என்னவோ 'பர்சா' தானே.

விஜயா_கே:
இவ்வளவு நேரமாக விருதைப் பற்றி யாரும் வம்பு பேசாதது ஆச்சரியம். 1999 ஞானபீடத்தை இவருக்குப் பாதி, இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் ஐரோப்பிய நகரத்துத் தனிமையை எழுதியவர், இன்னொருவர் ஜைத்தோவை விட்டு நகராதவர். இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றியவர்கள் என்ன நினைத்தார்களோ. தமிழுக்கு அகிலனுக்குப் பிறகு ஜெயகாந்தன் வரைக்கும் காத்திருந்தோம் என்பதையும் வைத்துப் பார்த்தால், இந்த விருதுக்குழுவின் கணக்கு எனக்கு எப்போதும் புரிந்ததில்லை.

கருவேலம்:
விருது அரசியலுக்கு வேறு இழை திறந்துவிடுங்கள் விஜயா, இங்கே ஆரம்பித்தால் ஆள் காணாமல் போய்விடுவார். ஆனால் ஒன்று, ஞானபீடம் வந்தபிறகும் அவர் சண்டிகருக்கோ டெல்லிக்கோ குடிபோகவில்லை, ஜைத்தோவிலேயே இருந்துவிட்டார். அவர் கதைமாந்தர்கள் போய்வருகிற சந்தையும் ரயில் நிலையமும் அவர் தினமும் கடந்து போனவை. நாவலுக்காக ஊருக்குப் போய்த் 'தகவல் திரட்டிய' எழுத்து இல்லை இது.

சுடர்:
சண்டை போட்டுவிட்டேன், ஒரு விஷயம் நல்லபடியாகவும் சொல்லிவிடுகிறேன். இவருடைய எழுத்து பழைய கதை ஆகிவிடவில்லை என்பதற்கு மால்வாவிலேயே ஆதாரம் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பஞ்சாபில் கிட்டத்தட்ட 32 சதவீதம் தலித்துகள், இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. விவசாய நிலத்தில் அவர்கள் கையில் இருப்பதோ மிகச் சொற்பம். ஊர்ப் பொது நிலத்தைப் பஞ்சாயத்து ஏலத்தில் குத்தகைக்கு விடும்போது மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் என்ன நடந்தது? பெரிய விவசாயி தன்னிடம் வேலைபார்க்கும் ஒரு தலித்தின் பெயரில் ஏலம் எடுத்துத் தானே பயிர் செய்வார். பெயர் இவனுடையது, நிலம் அவருடையது. தோலாவின் நிலத்தில் நடந்ததைத் தலைகீழாகப் போட்ட மாதிரி இல்லை? அங்கே வாயில் இவனுடையது, காகிதத்தில் அவர்களுடையது. இங்கே காகிதத்தில் இவனுடையது, மண்ணில் அவர்களுடையது.

2014லிருந்து சங்ரூர் பக்கத்தில் ஸமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி (நிலம் பெறுவதற்கான போராட்டக் குழு) என்ற அமைப்பு இந்த மூன்றில் ஒரு பங்கை நேரடியாகக் கேட்டுப் போராடுகிறது. சேர்ந்து ஏலம் எடுத்து, கூட்டாகப் பயிர் செய்கிறார்கள். முன்னால் நிற்பவர்களில் நிறையப் பேர் பெண்கள், ஏனென்றால் அடுத்தவன் வரப்பில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய் ஏச்சும் பேச்சும் வாங்கியவர்கள் அவர்கள்தான். அடியும் வாங்கியிருக்கிறார்கள், ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள். குர்தியால் சிங்கின் நாவலில் இந்தப் பெண்கள் இல்லை, அது என் குறை. ஆனால் இவர்கள் ஏன் காகிதத்தைக் கேட்கிறார்கள், நல்ல முதலாளியைக் கேட்கவில்லை என்பதற்கு 'மடீ தா தீவா'வை விட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கருவேலம்:
இதைத்தான் முதல் பதிவில் சொல்ல முயன்றேன், நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஆசாரிபேரன்:
படிக்கிறதென்றால் எதில் ஆரம்பிப்பது? எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான்.

பழையபுத்தகக்கடை:
@ஆசாரிபேரன், 'மடீ தா தீவா'வில் ஆரம்பியுங்கள், சின்னது. அஜ்மேர் ரோடே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இந்தி தெரிந்தால் இன்னும் நல்லது, அவர் நாவல்கள் நிறைய இந்தியில் இருக்கின்றன, பேச்சின் உப்பு கொஞ்சமாவது தங்கியிருக்கும். 'பர்சா', 'அத் சானணீ ராத்', 'அன்ஹே கோடே தா தான்' மூன்றிலும் ஆங்கிலத்தில் ராணா நய்யாரின் கை இருக்கிறது. பர்சாவை நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது, அவர்கள் கண்காட்சிக் கடையில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தச்சனைப் படிக்கவேண்டும் என்றால் 'அன்ஹோயே'தான், ஆனால் அது கிடைப்பது சிரமம்.

முதல் நாற்பது பக்கத்துக்குப் பெயர்கள் குழப்பும், ஒரு காகிதத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓடிவிடும்.

தேன்மொழி:
நேற்று ராத்திரி 'மடீ தா தீவா'வில் தரம் சிங் வரும் பகுதிகளை மட்டும் மறுபடி புரட்டினேன். கருவேலம் சொன்ன அந்தப் பொறி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் எதிராக அவர் ஜக்சீருக்காகப் பேசுகிறார், நியாயம் பேசுகிறார், ஆனால் அந்தத் துண்டு நிலத்தைக் காப்பாற்ற உருப்படியாக ஒன்றும் செய்வதில்லை. என் கோபம் இப்போது ஜக்சீரை விட்டு அந்த நல்ல மனிதர் மேல் போயிருக்கிறது. இதுவும் ஆசிரியர் நினைத்ததுதானா என்று தெரியவில்லை.

பர்சாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன். சென்னையில் யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிவிடுவேன். டிண்டி எவ்வளவு பேசுகிறான் என்று பார்த்துவிட்டு வந்து சுடரோடு மிச்சச் சண்டையை வைத்துக்கொள்கிறேன்.

சுடர்:
வாருங்கள், காத்திருக்கிறேன். அதற்குள் நானும் 'அன்ஹோயே' கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.